பிரகதாம்பாளின் குரலும் ருபீடியம் அணுக்களும்

என் மனைவி பிரகதாம்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் குரலைத்தான் சொல்ல வேண்டும். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான். திருவையாற்றுக்குக் கிழக்கே அவர்கள் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி, வீடு எது என்று கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம். எங்கோ இரண்டு தெரு தள்ளி ஒரு குரல், வருகிறவர்களுக்குக் காபி போடப் பால் போதாது, இன்னும் அரை லிட்டர் வாங்கி வரவேண்டும் என்று யாருக்கோ சொன்னது. வருகிறவர்கள் நாங்கள்தான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தோம், நேராக வாசலில் கொண்டுபோய் விட்டது. என் அப்பா என் காதோரம் குனிந்து, "யோசிச்சுக்கடா" என்றார். நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை, காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

என் பெயர் குணசேகரன். திருவிடைமருதூர்ப் பக்கம் அத்திமங்கலம். பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலம், ஒரு போர்செட், ஒரே மகள் குந்தவை. அவள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் போனில் பேசுவார்கள். போன் எதற்குத் தெண்டமாக, கொல்லையில் நின்று பேசினாலே மஸ்கட்டுக்குக் கேட்குமே என்பேன். அதற்கு அவள் சொல்கிற பதிலைத் தெருவில் பாதிப் பேர் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் குடும்ப ரகசியம் என்று ஒன்று இருந்ததே கிடையாது.

ஆனால் அந்தக் குரலால் ஊருக்கு ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வாய்க்கால் கடைமடை. ஆற்றில் தண்ணீர் வந்து அது எங்களை எட்டிப் பார்ப்பதற்குள் குறுவை பாதி வளர்ந்துவிடும். அதனால் போர்த் தண்ணீர்தான் கதி. போர் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது முறை வைத்து வந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிகிறதா என்று பிரகதாதான் பார்த்துக்கொண்டிருப்பாள். எரிந்ததும் வரப்பில் ஏறி நின்று, "கரண்டு வந்துருச்சு, மோட்டாரப் போடுங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஊரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் உறுமும்.

பிறகு இருபத்துநாலு மணி நேரமும் மும்முனை வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. காலையில் அவள் வயலைச் சுற்றி, மண்ணில் காலை வைத்துப் பார்த்து, தண்ணீர் வேண்டும் என்று தோன்றினால் குரல் கொடுப்பாள். அவள் வயலுக்கு வேண்டுமென்றால் நம் வயலுக்கும் வேண்டும் என்று எல்லோரும் போடுவார்கள். சொந்தமாக யோசிக்க எங்கள் ஊரில் யாருக்கு நேரம் இருக்கிறது?

இனி மும்முனை வந்த கதை. நாகநாதன் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர், வெளிநாட்டில் போய்ப் பெரிய கம்பெனி வைத்தவர். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கல்யாண மண்டபம் கட்டுவார் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அவர் குவாண்டம் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். தன் குடும்பத்துக்குச் சொந்தமான, பூட்டிக்கிடந்த நெல்லு மில்லில் அதை வைத்தார். களிமண் தரை, பக்கத்தில் வாய்க்கால், வருஷத்தில் பாதி நாள் ஈரம், உலகத்தில் இதைவிடப் பொருத்தம் இல்லாத இடம் கிடையாது என்று அவர் கம்பெனி ஆட்களே தலையில் அடித்துக்கொண்டார்களாம். எங்கள் ஊரில் வைக்காவிட்டால் எனக்கு இந்தக் கம்பெனியே வேண்டாம் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். பாசம் வந்தால் படித்தவனும் எங்களை மாதிரிதான்.

மில்லுக்குத் தனி மின்சார லைன் இழுத்தார்கள். நாகநாதன் நல்ல மனசு பண்ணி, ஊர் மோட்டார்களையும் அதிலேயே சேர்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் இருபத்துநாலு மணி நேர மும்முனை. மில்லுக்குள் அந்த லேப் இருக்கிற வரைக்கும் லைன் இருக்கும். லேப் ஓடாமல் மூடிவிட்டால் லைனும் போய்விடும். இது ஒன்றுதான் ஊருக்கு விளங்கியது, நன்றாகவே விளங்கியது.

லேபைப் பார்த்துக்கொள்ள வந்தவள் ஆஷ்லின். பொறையாற்றுப் பெண், முப்பது வயசுக்குள் டாக்டர் பட்டம் வாங்கியவள், தன்மையான பிள்ளை. திறப்பு விழா அன்று ஊரே வரிசையில் நின்று உள்ளே போனது. பெரிய மேசை நிறையக் கண்ணாடிகள். நடுவில் ஒரு கையளவுக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் காற்றுகூட இல்லை. ருபீடியம் என்கிற உலோகத்தின் அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தால் கிள்ளிப் பிடித்து அதற்குள் நிறுத்தியிருக்கிறோம் என்றாள். அருகில் நின்றவர் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள்.

அணு கண்ணுக்குத் தெரியாது, கேமரா பிடித்து டிவியில் காட்டும். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், கயிறு கட்டி நட்ட நாற்று மாதிரி வரிசை பிசகாமல் நின்றன. ஒன்று நழுவிவிட்டால் ஓரத்தில் நிற்கிற ஒன்றை நகர்த்தி அந்த இடத்தை நிரப்புவார்களாம். எங்கள் நடவுப் பெண்களுக்கு அது உடனே புரிந்தது, பயிர் போன இடத்தில் மறுநடவு செய்வதுதானே. மின்னூட்டம் இல்லாத அணு என்பதால் ஒன்றையொன்று தள்ளாது, இழுக்காது, நெருக்கமாக நிறுத்தலாம் என்றாள் ஆஷ்லின். ஒன்றை லேசர் அடித்து உப்ப வைத்தால் பக்கத்தில் இருப்பது உப்ப முடியாதாம். அந்தக் குணத்தை வைத்துத்தான் கணக்கே நடக்கிறதாம். எங்கள் ஊரில் நேர்மாறு, பங்காளி உப்பினால் இவனும் உப்பியே தீருவான்.

பார்க்காத வரைக்கும் அணு இரண்டு நிலையிலும் சேர்ந்தாற்போல் இருக்கும், பார்த்தால்தான் ஏதாவது ஒன்றில் போய் நிற்கும் என்று அவள் சொன்னபோது, பிரகதாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாம்மா. நான் பாக்கறப்ப மட்டும் மம்பட்டியும் கையுமா நிப்பாரு."

மில் கூரை அதிரச் சிரிப்பு. ஆஷ்லினும் சிரித்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா, அணுவெல்லாம் பயந்துடப் போவுது" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாள். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது விளையாட்டு என்று. ஆனால் லேசரும் கோட்டுமாக நிற்கிறவர்கள் விளையாடுவார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

நாகநாதன் இன்னொரு காரியம் செய்துவிட்டுப் போனார். ஊர் ஜனங்கள் எப்போது வேண்டுமானாலும் அணுவைப் பார்க்கட்டும் என்று மில்லின் வெளிச் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டினார். உள்ளே என்ன தெரிகிறதோ அது வெளியிலும் தெரியும். அதில் பாட்டு இல்லை, சண்டை இல்லை, வெறும் புள்ளிகள். இருந்தாலும் வேலைவெட்டி இல்லாத ஆட்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான், பிரகதா வரப்பிலிருந்து குரல் கொடுத்த கையோடு டிவியில் இருந்த அத்தனை புள்ளியும் காணாமல் போனதை அவர்கள் பார்த்தார்கள்.

ஊராட்சித் தலைவர் சேரன் ஓடி வந்தான். தலைவர் என்றாலும் எனக்கு மச்சினன் முறை, பிரகதாவை அக்கா என்பான். நல்லவன், ஆனால் எதையும் பாதி கேட்டுவிட்டு முழுதாக நம்புகிற ஆள். மறுநாளும் அதற்கு மறுநாளும் மில் வாசலில் ஆள் நிறுத்திப் பார்த்தான். குரல் வந்தது, புள்ளி போயிற்று. மறுபடியும் குரல், மறுபடியும் புள்ளி இல்லை. ஆஷ்லினிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணே அணு நிற்கவில்லையே என்று கண் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறது, அதனிடம் போய் எங்கள் ஊர்க்காரிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது, மானம் போய்விடும் என்றான். ஊர் மானத்தைக் காப்பாற்றுவதில் அவனுக்கு நிகர் கிடையாது.

மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். லேப் மூடினால் லைன் போகும், லைன் போனால் குறுவை போகும், அதனால் அக்கா அறுப்பு முடிகிற வரைக்கும் பேசாமல் இருக்க வேண்டும் என்று சேரன் சொன்னான். எனக்கு வந்ததே கோபம். என் பெண்டாட்டி பேசினால் அணு விழும், தவளை கத்தினால் விழாதா, பஸ்காரன் ஹாரன் அடித்தால் விழாதா, உங்களுக்கெல்லாம் மண்டையில் இருப்பது என்ன என்று கேட்டேன். நான் கேட்டதில் ஒரு பலன், பஸ் ஹாரனுக்கும் தடை போட்டார்கள். சேவல்களைப் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். தவளையை மட்டும் விட்டுவிட்டார்கள், அது ஊருக்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறதாம்.

நான் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். பிரகதா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் இருதயம்மாள் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் போனபிறகு பத்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒண்டியாகப் பாடுபடுகிறவள். அவளைக் காட்டி, "அவ வயலு காஞ்சா என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. ஒரு போகந்தான, இருந்துட்டுப் போறேன்" என்றாள். அவள் முகம் சிரித்தமாதிரிதான் இருந்தது. என் கையைப் பிடித்திருந்த பிடியை மட்டும் அவள் விடவில்லை.

வாய் வார்த்தையை ஊர் நம்பவில்லை. எங்கள் பக்கம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள், காப்பு என்போம். கட்டிய காப்பை நடுவில் மீறினால் மீறியவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே ஆகாது. பூசாரி பிரகதாவின் கையில் அறுப்பு வரைக்கும் மௌனக் காப்பு கட்டினார். கட்டி முடித்ததும் அவள் வாயைத் திறந்தாள், என்னவோ சொல்ல வந்தாள், மூடிக்கொண்டாள். ஊர் நிம்மதியாகக் கலைந்து போயிற்று.

அதற்குப் பிறகு அத்திமங்கலம் இருந்த இருப்பைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். கோயில் மணிக்குத் துணி சுற்றினார்கள். மீன் விற்க வருகிற லியாகத் அலி, வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்து, வீடு வீடாக, "கெண்டை இருக்கு" என்று காதில் சொன்னார். ஏதோ ரகசியச் சரக்கு என்று நினைத்து எல்லோரும் கூடுதலாக வாங்கினார்கள். வரப்புச் சண்டையெல்லாம் கிசுகிசுப்பாக நடந்தது. கெட்ட வார்த்தையைக்கூட மெதுவாகச் சொன்னால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆஷ்லினுக்கு விஷயமே தெரியாது. என்ன அமைதியான ஊர் என்று மெச்சிக்கொண்டாள். பிரகதாவின் காப்பைப் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள்.

அணுக்களும் நின்றன. அதுதான் அநியாயம். டிவியில் புள்ளிகள் ஆடாமல் அசையாமல் நின்றன. ஆட்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் சொன்னோமே என்கிற மாதிரி தலையாட்டினார்கள். குரல் இல்லாததால் அவனவன் நினைத்த நேரத்தில் மோட்டார் போட்டான். ஒருவன் காலையில், ஒருவன் உச்சியில், ஒருவன் போட்டுவிட்டுத் தூங்கிப்போய் அடுத்தவன் வயலை மூழ்கடித்தான். அதைப் பற்றியெல்லாம் யாருக்கும் கவலை இல்லை, அணு நிற்கிறதே.

வீட்டுக்குள் நான் பட்டதைச் சொல்கிறேன். முதலில் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லக்கூடாது. அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. தட்டு வைக்கிற சத்தம், கரண்டி சத்தம், அவ்வளவுதான். சோறு குழைந்துபோன அன்று நான் கேலி பண்ணினேன், பதிலுக்கு ஏதாவது எறிவாள் என்று. அவள் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குந்தவை வீடியோவில் கூப்பிட்டால் பிரகதா முகத்தை மட்டும் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். "அம்மாவ என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று பெண் என்னிடம் கேட்டாள். ருபீடியம் என்று ஆரம்பித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பயிர் பால் பிடிக்கிற சமயம். திருக்கடையூரில் பிரகதாவின் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அறுபது வயசு நிறைந்தால் அந்தக் கோயிலில் வைத்துப் புருஷன் பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டுவது வழக்கம். காப்புக் கையோடு அவள் போனாள், நானும் போனேன். அன்று ஊரில் காற்றடித்து, மோட்டார்களுக்குப் போகிற கிளைக் கம்பி மட்டும் அறுந்து, காலையிலிருந்து வயல் பக்கம் கரண்டு இல்லை; மில்லில் இருந்தது, அணுக்களும் நின்றன. வெயிலில் வயல் வெடிக்க ஆரம்பித்ததும், கரண்டு வந்த உடனே போட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் அவரவர் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் கரண்டு வந்தது. வந்த உடனே எத்தனை மோட்டார் உண்டோ அத்தனையும் ஒன்றாக உறுமின. டிவியில் ஒரு புள்ளி மிச்சமில்லை.

சேரன் எனக்குப் போன் போட்டான்.

"மாமா, அக்கா அங்க பேசிட்டாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. திருக்கடையூர் எங்கே, அத்திமங்கலம் எங்கே, பஸ்ஸில் போனால் இடுப்பு கழன்றுவிடும். அங்கே இவள் பேசியது இங்கே வந்து அணுவைத் தள்ளிவிட்டது என்கிறான். தாலி கட்டும்போது சந்தோஷத்தில் வாய் தவறி ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று விசாரிக்கிறான். போனைப் பிரகதாவின் அண்ணனிடம் கொடுத்தேன். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை, தன் தங்கை அட்சதையைக்கூட வாய் திறக்காமல்தான் போட்டாள் என்று அம்மன் மேல் ஆணையாகச் சாட்சி சொன்னார். சேரனுக்கு அப்போதும் அரைமனசுதான். பிரகதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் அவள் அழுததை நான் பார்த்தேன், சத்தமே இல்லாமல்.

மறுநாள் நேராக மில்லுக்குப் போனேன். இதோ பார் தாயி, உன் அணு எங்கள் வீட்டை நாசம் பண்ணிவிட்டது என்று ஆஷ்லினிடம் ஆரம்பித்து, காப்பு, சேவல், திருக்கடையூர் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தான் விளையாட்டுக்குச் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு பொம்பளையை இத்தனை நாள் ஊமையாக்கி வைத்திருக்கிறார்களா என்று அழாத குறை. சத்தத்தால் இந்த அணு விழாது, அது காற்றே இல்லாத பெட்டியில் இருக்கிறது என்றாள். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா குரல் கொடுத்ததும் நீங்கள்ளாம் என்ன பண்ணுவீங்க?"

"மோட்டாரப் போடுவோம்" என்றேன்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்சினால் லைன் ஒரு நொடி துவண்டுவிடுகிறது. மற்ற கருவிகளுக்கெல்லாம் பேட்டரி உண்டு. லேசரைக் குளிர வைக்கிற எந்திரம் மட்டும் நேரடி லைனில் இருந்தது. அது தடுமாறினால் லேசர் சுருதி தப்பும், பிடி நழுவும், அணு போய்விடும். தனித்தனியாகப் போட்டால் ஒன்றும் ஆகாது. இதுதான் சங்கதி. அவள் பேசாமல் இருந்த நாளெல்லாம் அணு நின்றதும் இதனால்தான்.

சேரனைக் கூப்பிட்டு ஆஷ்லின் பொறுமையாக விளக்கினாள். அவன் தலை தொங்கிவிட்டது. ஆனால் தலை தொங்கிக்கொண்டிருக்க நேரமில்லை, மறுநாளே நாகநாதன் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை ஒரு கணக்கு ஓட வேண்டும். நடுவில் லேசர் சுருதி தப்பினால் திரும்பக் கூட்ட அரைநாள் ஆகும், வந்தவர்கள் போய்விடுவார்கள், லேப் போய்விடும். குளிர்விக்கிற எந்திரத்துக்குப் பேட்டரி வர மாசக்கணக்கு. அதற்காக மோட்டார் போடாமலும் இருக்க முடியாது, ஒரு நாள் தண்ணீர் விட்டுப்போனாலே வெடிக்கிற வயலில் பால் பிடிக்கிற பயிர். ஆக, ஒருவர் பின் ஒருவராகப் போட வேண்டும். யார் முதலில் என்பதிலேயே கிசுகிசுப்பாகப் பெரிய சண்டை மூண்டது. கடைசியில் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். அக்காவே வரப்பில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் குரல் கொடுக்கட்டும், அந்தக் குரலுக்குத்தான் எல்லோரும் கட்டுப்படுவார்கள் என்றார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்க வேண்டும் போலவும் வந்தது. பூசாரி குறுக்கே நின்றார். அறுப்பு வரைக்கும் என்று கட்டிய காப்பை நடுவில் நான் அவிழ்க்க மாட்டேன், அம்மன் என்னைச் சும்மா விடமாட்டாள் என்றார். அப்போது இருதயம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எனக்காகத்தானே கட்டிக்கொண்டது, மாதா பேரைச் சொல்லி நான் அவிழ்க்கிறேன், ஆகாததெல்லாம் என்னோடு போகட்டும் என்றாள். பூசாரி கொஞ்சம் யோசித்தார். வேற்றுச் சாமி அவிழ்த்தால் நம் சாமி தலையிடாது என்று ஒதுங்கிக்கொண்டார். இருதயம்மாள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

ஊரே பிரகதாவின் வாயைப் பார்த்தது. அவள் மெதுவாகத்தான் பேசினாள். அப்படி ஒரு மெல்லிய குரல் அவளுக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"நான் யார் பேரையும் கூப்பிட மாட்டேன். மோட்டார் போடணும்னா ஒவ்வொருத்தரா வந்து என்னக் கேட்டுட்டுப் போயிப் போடுங்க."

மறுநாள் காலையில் அவள் வரப்பில் போய் நின்றாள். மில் வாசலில் பந்தல், நாற்காலி, வெளிநாட்டுக்காரர்கள், சுவர் டிவியில் புள்ளிகள். இருதயம்மாள் முதலில் வந்து, போடலாமா அக்கா என்று கேட்டாள். போடு என்றாள். அவள் நடந்து போய்ப் போட்டு, மோட்டார் உறுமிய பிறகுதான் அடுத்த ஆள் வந்தான். ஒற்றையடி வரப்பில் அத்திமங்கலமே வரிசை கட்டியது. காப்பு கட்டும்போது வேடிக்கை பார்த்தவன், தலையாட்டியவன், மில் வாசலில் டிவியைப் பார்த்துச் சாட்சி சொன்னவன், எல்லோரும் வந்து குனிந்து கேட்டார்கள். அவள் ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து, போ என்றாள். சேரன் வந்தபோது கொஞ்ச நேரம் நிற்க வைத்தாள். பிறகு அவனையும் போகச் சொன்னாள். இது என்ன சடங்கு என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டாராம். நாகநாதன் எங்கள் ஊர்ப் பாரம்பரியம் என்று சொல்லிவிட்டாராம்.

என்னுடையதைத் தவிர எல்லா மோட்டாரும் ஓடின. டிவியில் ஒரு புள்ளி அசையவில்லை. கடைசியாக நான் போய் நின்றேன்.

"போடலாமா?"

"போடுங்க" என்றாள், அதே மெல்லிய குரலில்.

எனக்குப் போக மனசு வரவில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் மீதி ஆயுசைக் கழிப்பதா? எனக்குக் கேட்கவில்லை என்றேன். கொஞ்சம் உரக்கச் சொன்னாள். கேட்கவில்லை என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் ஏன் கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது, கண் நிறைந்துவிட்டது.

"காது அடச்சுப் போச்சா உங்களுக்கு, போடுங்கன்னேன்!"

வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின. பந்தலில் வெள்ளைக்காரர் கையில் இருந்த இளநீர் கீழே விழுந்தது. சேரன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று வரப்பில் ஓடி வந்தவன், பாதியில் நின்று திரும்பி டிவியைப் பார்த்தான். ஊரே டிவியைப் பார்த்தது. அத்தனை புள்ளியும் அப்படியே வரிசையில் நின்றன. ஆஷ்லின் மில் வாசலுக்கு வந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள்.

பிரகதாவும் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டீங்களா? எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டீங்களா? என் வாயக் கட்டுனீங்களே, என் மக பேசக் கூப்பிட்டப்பல்லாம் நான் ஊமையா நின்னேனே. அத்தனை பேரு கையும் சுவிட்சுலதான இருந்துச்சு? ஒருத்தராவது உங்க கையத் திரும்பிப் பாத்தீங்களா?"

அவரவர் கையை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான், என் மோட்டாரை இத்தனை வருஷமாகப் போட்டதும் என் கைதானே. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன இன்னும் நின்னுக்கிட்டிருக்கீங்க? போங்க."

போனேன். அவள் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள், குழைந்த சோற்றிலிருந்து ஆரம்பித்து. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நன்றாகக் கேட்டது.